ஆற்றுவாயும் மரக்கலமும்

மரக்கலத்திற்கு நடுக்கடலே அச்சம் தரும் இடம் என்பது நிலத்தில் வாழ்வோர் எண்ணம். கடலோடிகளின் எண்ணம் வேறு. ஆழ்கடலில் கலத்திற்கு இடம் உண்டு. பாயைச் சுருக்கலாம், காற்றின் போக்கிலே ஓடலாம், பொழுது மாறும்வரை பொறுத்திருக்கலாம். கரையை அணுக அணுக அந்த இடம் சுருங்குகிறது. ஆறு கடலோடு கலக்கும் வாயினுள் நுழையும் சிறு பொழுதில் பொறுக்கவும் இயலாது, திரும்பவும் இயலாது. பல திங்கள் கடல் கடந்து வந்த பெருங்கலம், ஊர் விளக்கு கண்ணுக்குத் தெரியும் தொலைவில் மணலில் தட்டிக் கவிழ்வது உலகக் கடல் வரலாற்றில் அடிக்கடி காணப்படும் செய்தியாகும்.

பழந்தமிழர் கடல் வாணிகம் பற்றி நம்மிடையே எழுந்த நூல்கள் பல. எப்பொருள் வந்தது, எப்பொருள் சென்றது, யவனர் எங்கே தங்கினர் என்பன விரிவாக ஆராயப்பட்டுள்ளன. கலம் கரைக்கு எவ்வாறு வந்தது, வாயினுள் அதனை யார் கொண்டுவந்து சேர்த்தனர் என்னும் வினா குறைவாகவே எழுந்துள்ளது. சங்கப் பாடல்களையும் யவனர் குறிப்புகளையும் பிற்காலத் துறைமுக வரலாற்றையும் இவ்வினாவின் ஒளியில் ஒருங்கு வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

புகார் என்பது சோழர் தலைத்துறையின் பெயர். ஆறு கடலிற் புகும் இடம் என்பதே அச்சொல்லின் பொருள். ஊருக்கு மன்னன் பெயரோ தெய்வத்தின் பெயரோ அமையாமல் ஆற்றுவாயின் பெயரே அமைந்தது கருதத்தக்கது. கழிமுகம், சங்கமுகம், முகத்துவாரம் எனப் பிற பெயர்களும் தமிழில் உண்டு. குமரி மாவட்டத்திலும் அதனை அடுத்த கேரளக் கரையிலும் மணல் அடைத்து வெள்ளம் உடைக்கும் வாயைப் பொழி என்பர். அலை கொணர்ந்து குவிக்கும் மணலுக்கு எக்கர் என்பது சங்கச் சொல். கடலின் ஏற்றவற்றத்திற்கு ஓதம் என்பது பெயர். இச்சொற்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே நம் முன்னோர் ஆற்றுவாயை எவ்வளவு கூர்ந்து நோக்கியிருந்தனர் என்பது புலனாகும்.

வாயின் இயல்பு

ஆறு மலையிலிருந்து மணலையும் வண்டலையும் கொண்டு வருகிறது. கடலின் கரையோர ஓட்டம் தன் பங்கிற்கு மணலைக் கரைநெடுக நகர்த்துகிறது. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் நீருக்கடியில் ஒரு மணல் திட்டு உருவாகிறது. ஆற்றில் வெள்ளம் வரும் காலத்தில் திட்டு உடைந்து வழி ஆழமாகிறது. வெள்ளம் குறைந்த காலத்தில் மீண்டும் அடைகிறது. அடைந்து திறக்கும்போது பழைய இடத்திலேயே திறக்கும் என்னும் உறுதி இல்லை. சென்ற ஆண்டு ஆழமாக இருந்த வழி இவ்வாண்டு முழங்கால் அளவு நீருடையதாக இருக்கலாம்.

ஆழ்கடலில் தாழ்ந்தும் நீண்டும் வரும் அலை, திட்டின் மீது ஏறும்போது வேகம் குறைந்து உயர்ந்து மடிகிறது. அதே வேளையில் ஆற்று நீரோ வற்றும் ஓதமோ எதிரே விரைந்து வருமாயின் அலைகள் நெருங்கிச் செங்குத்தாகின்றன. உள்ளே வரும் படகின் பின்புறத்தை அலை தூக்குகிறது, முன்புறம் தாழ்கிறது, சுக்கான் நீரில் பிடிப்பை இழக்கிறது. அந்நொடியில் படகு குறுக்காகத் திரும்புமாயின் அடுத்த அலை அதனைக் கவிழ்த்துவிடும். வெளியே செல்லும் படகுக்கு வேறோர் இடர். அலையை எதிர்கொண்டு ஏறியபின் இரு அலைகளுக்கிடையே உள்ள பள்ளத்தில் அடிமரம் தரையில் மோதக் கூடும்.

கடலிலிருந்து வருவோர் காண்பது அலையின் முதுகை மட்டுமே என்பது இதனினும் கொடியது. கரையில் நிற்பவனுக்கு வெண்ணுரையாகத் தெரியும் மடிப்பு, கலத்தில் நிற்பவனுக்கு மெல்லிய மேடாகத் தோன்றும். எனவே அயல்நாட்டு மாலுமி எத்துணைத் திறமுடையவனாயினும் தன் கண்ணை நம்பி வாயினுள் நுழைய இயலாது. அவ்வாயில் நாள்தோறும் போய்வருவோன் ஒருவன் அவனுக்குத் தேவைப்படுகிறான்.

நருமதை வாய்: யவனர் சான்று

இவ்வுண்மைக்கு மிகத் தெளிவான பழஞ்சான்று குசராத்துக் கரையிலிருந்து கிடைக்கிறது. இன்றைய பரூச் நகரை யவனர் பாரிகாசா என வழங்கினர். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் எகிப்திலிருந்து வந்துபோன ஒரு கிரேக்க வணிகர் எழுதியதாகக் கருதப்படும் ‘எரித்திரியக் கடற்பெரிபுளூஸ்’ என்னும் நூல், அத்துறைக்குச் செல்லும் வழியின் இடர்களைப் பிற துறைகளுக்கு இல்லாத அளவு விரித்துரைக்கிறது. வளைகுடாவின் ஒருபுறம் பாறைத் திட்டு; மறுபுறம் நங்கூரக் கயிற்றை அறுக்கும் கூரிய கடலடி. கரை தாழ்ந்திருப்பதால் ஆற்றின் வாயைக் கண்டறிவதே அரிது. கண்டறிந்தாலும் மணல் திட்டுகளைக் கடப்பது அதனினும் அரிது என அந்நூலாசிரியர் கூறுகிறார்.

காம்பே வளைகுடாவின் தலைப்பகுதியில் ஓதத்தின் உயரம் 10 மீட்டர் அளவை எட்டும். உலகின் மிகப் பெரிய ஓதங்களுள் ஒன்றாகிய அது ஆற்றினுள் ஏறும்போது எழும் ஓசை தொலைவிலிருந்து ஒரு படை வருவது போல் கேட்கும் என்றும், வேற்று நாட்டார் அறியாது நுழைந்த கலங்கள் திட்டுகளில் சாய்ந்து கிடக்க, சிறு படகுகள் கவிழ்ந்துபோகும் என்றும் அந்நூல் குறிக்கிறது.

இவ்விடரைக் கடக்க அந்நாட்டு அரசு ஓர் ஏற்பாடு செய்திருந்தது. அரசப் பணியில் அமர்ந்த உள்ளூர் மீனவர் திரப்பகா, கோட்டிம்பா என்னும் நீண்ட படகுகளில் சௌராட்டிரக் கரைவரை எதிர்சென்று, வரும் கலங்களைத் திட்டுகளுக்கிடையே இழுத்து வந்தனர். ஓதம் ஏறத் தொடங்கும்போது புறப்படுவர். வற்றும்போது ஆற்றில் ஆழமான மடுக்களில் நங்கூரமிட்டுக் காத்திருப்பர். வாயிலிருந்து துறை 300 ஸ்டேடியம், அதாவது ஏறத்தாழ 55 கிலோமீட்டர் உள்ளே இருந்தது. யவன வணிகனின் பொன்னும் மதுவும் அவ்வழி முழுவதும் ஒரு மீனவனின் சொல்லை நம்பியே சென்றன. இம்மீனவர் எவர் பெயரும் நமக்குத் தெரியாது.

முசிறி: கழியில் ஓடும் தோணி

சேரர் கரையில் இடரும் அதற்குக் கண்ட வழியும் வேறு வகையின. அகநானூற்றின் 149ஆம் பாடல் பேராற்றின் நுரை கலங்க யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு மீள்வதைக் காட்டுகிறது. புறநானூற்றின் 343ஆம் பாடலோ அக்காட்சியின் இன்னொரு பகுதியைக் காட்டுகிறது. கலம் கொணர்ந்த பொன்னைக் கரைக்குக் கொண்டுசேர்ப்பவை கழியில் ஓடும் தோணிகள் என்பது பரணர் தரும் செய்தி. பெருங்கலம் ஓரிடத்தில் நிற்க, சிறு தோணி இடையில் ஓடுகிறது.

இதனை யவனர் குறிப்புகள் உறுதி செய்கின்றன. முசிறியில் கலங்கள் நிற்கும் இடம் கரையிலிருந்து தொலைவில் உள்ளது, பொருள்களைச் சிறு படகுகளிலேயே ஏற்றி இறக்க வேண்டும் எனப் பிளினி குறைகூறுகிறார். ஒரே மரத்தைக் குடைந்து செய்த ஓடங்களில் மிளகு பகரே என்னும் துறைக்கு வருவதையும் அவரே குறிக்கிறார். நெல்கிண்டா என்னும் உள்நாட்டுத் துறையிலிருந்து திரும்பும் கலங்கள் ஆற்றுவாயில் உள்ள பகரேக்கு இறங்கிவந்து கடலில் நங்கூரமிட்ட பின்னரே சரக்கு ஏற்றின என்றும், ஆற்றில் திட்டுகள் மிக்கு வழி தெளிவின்றி இருந்ததே அதற்குக் காரணம் என்றும் பெரிபுளூஸ் கூறுகிறது. நிறைசுமையோடு வாயைக் கடப்பது தற்கொலைக்கு ஒப்பாகும் என்பதை அக்கால மாலுமிகள் நன்கறிந்திருந்தனர்.

முசிறியின் பகுதியாகலாம் என ஆய்வாளர் பலர் கருதும் பட்டணம் என்னும் ஊரில் 2007ஆம் ஆண்டு முதல் கேரள வரலாற்று ஆய்வு மன்றம் நடத்திய அகழாய்வில், ஆறு மீட்டர் நீளமுள்ள ஓர் ஓடமும் செங்கற்றுறையும் வெளிப்பட்டன. ஓடம் அயினி மரத்தால் ஆனது. பரணர் பாடலில் ஒரு சொல்லாக நின்ற கழித்தோணியின் வடிவத்தை நேரே காட்டுவது போல் அது சேற்றில் கிடந்தது.

புகார்: ஒரு புகழுரையின் பொருள்

இப்பின்புலத்தில் புறநானூற்றின் 30ஆம் பாடலை மீண்டும் நோக்குதல் வேண்டும். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடியது அது. பாய்மரத்து மேற்பாயை இறக்காமலும் மேலேற்றிய சுமையைக் குறைக்காமலும் பெருங்கலம் புகாருக்குள் நுழைகிறது. அதன் பண்டங்கள் பெருவழியில் சொரியப்படுகின்றன. நாட்டு வளத்தைக் கூறும் வழக்கமான வருணனை என்றே பலரும் இதனைக் கடந்துசெல்வர். பழைய உரைகாரர் அவ்வாறு கடக்கவில்லை. பாய் களையாமல், சுமை தோண்டாமல் புகுந்தது எனக் கூறியது துறையின் நன்மையைக் கூறியதாகும் என விளக்கம் தருகிறார்.

இவ்விளக்கத்தின் நுட்பத்தை முசிறியும் நருமதை வாயும் நமக்கு உணர்த்துகின்றன. ஆற்றுவாயை அணுகும் கலம் பாயை இறக்குவது வேகத்தைக் குறைப்பதற்காக. சுமையை இறக்குவது மிதப்பை உயர்த்துவதற்காக. இவை இரண்டும் எல்லாத் துறையிலும் மாலுமிகள் செய்த முன்காப்புகள். அவற்றைச் செய்யத் தேவையில்லாத வாய் என்பது அரிதினும் அரிது. புலவர் பாடியது செல்வத்தை மட்டும் அன்று, ஆழத்தையும் பாடினார். செய்யாதவற்றை எதிர்மறையாகக் கூறியதால், செய்வதே பொதுவழக்கு என்பதும் அப்பாடலிலேயே அடங்கியிருக்கிறது.

புகாருக்கு இவ்வாழம் எவ்வாறு வாய்த்தது? சோழமண்டலக் கரையில் ஓதத்தின் உயரம் ஒரு மீட்டர் அளவினதே. எனவே வாயைத் திறந்து வைக்கும் வலிமை ஓதத்திற்கு இல்லை. அவ்வேலையை ஆறே செய்தல் வேண்டும். காவிரிக்குக் குடகு மலையின் தென்மேற்குப் பருவமழை ஆடி ஆவணியில் வெள்ளம் தருகிறது. சோழநாட்டின் சொந்த மழை ஐப்பசி கார்த்திகையில் வருகிறது. ஓராண்டில் இருமுறை வெள்ளம் கண்ட ஆறு தன் வாயிலிருந்த எக்கரை அரித்துத் தள்ளியிருக்கும் எனக் கருதுவதில் தடையில்லை. மழை தவறினும் காவிரி தவறுவதில்லை எனப் பட்டினப்பாலை ஆற்றுப் புகழோடு தொடங்குவதை உழவின் புகழாக மட்டுமே நாம் கொண்டுவந்தோம். துறைமுக நகரைப் பாட வந்த புலவர் ஆற்றின் வற்றாமையை முதலில் வைத்ததற்கு இக்காரணமும் இருத்தல் கூடும்.

காவிரிப்பூம்பட்டினப் பகுதியில் 1962 முதல் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில், கீழையூரில் மரத்தூண்களோடு கூடிய செங்கற்றுறை ஒன்று கிடைத்தது. அது கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பது கரிமக் கணிப்பு. கலங்கள் உள்ளே வந்து கட்டப்பட்டன என்பதற்கு அதுவே சான்று. இன்று பூம்புகாரில் கடலைச் சேரும் காவிரி ஒரு சிற்றோடை. கல்லணையின் கீழ் வெண்ணாறு முதலிய கிளைகளாகப் பிரிந்த நீர் வயல்களில் பரவுகிறது. மிகுவெள்ளம் கொள்ளிடத்தின் வழியே செல்கிறது. வயல் பெற்ற நீரை வாய் இழந்தது. பட்டினம் மறைந்ததற்குக் கடல்கோளை மட்டுமே காரணமாக எண்ணும் வழக்கத்திற்கு இதுவும் ஒரு மறுசிந்தனை தருவதாகும்.

மாட விளக்கு

வாய் நல்லதாயினும் அதனை இரவில் கண்டறிய ஒளி வேண்டும். அகநானூற்றின் 255ஆம் பாடலில், இரவு பகலாகக் காற்று அலைக்க வந்த வங்கத்தை நீகான் ஒருவன், மாடத்து ஒளியைக் கொண்டு பக்கமறிந்து செலுத்துகிறான். அத்துறை உயர்ந்து திணிந்த மணலை உடையது எனப் புலவர் சேர்த்துக் கூறுவது காண்க. மணலும் விளக்கும் ஒரே காட்சியில் வருவது தற்செயலன்று. மணல் இருப்பதனாலேயே விளக்குத் தேவைப்பட்டது. பெரும்பாணாற்றுப்படை நீர்ப்பெயற்று என்னும் தொண்டை நாட்டுக் கடற்கரையில் ஏறுதற்கரிய மாடத்தின் உச்சியில் எரியும் விளக்கைக் காட்டுகிறது. சிலப்பதிகாரக் கடலாடு காதையிலும் கலங்கரை விளக்கம் இடம்பெறுகிறது.

விளக்கு திசையை மட்டுமே காட்டும். அன்றைய நாளில் திட்டு எங்கே நகர்ந்திருக்கிறது என்பதைக் காட்டாது. அதனைக் காட்டுவோன் மனிதன். முன்னர்க் கூறிய 30ஆம் புறப்பாடலில் பண்டங்களை வழியில் சொரிவோரைப் புலவர் தகுதியற்றோர் என்னும் பொருள்பட ஒரு சொல்லால் சுட்டுகிறார். அவர்கள் பரதவரும் உப்பு விளைக்கும் அளவரும் என்பது பழைய உரை. ஞாயிற்றின் செலவையும் காற்று இயங்கும் திசையையும் அளந்தறிந்தார் போல் உரைப்போர் உளர் என்று தொடங்கும் அதே பாடல், ஆற்றுவாயின் ஆழத்தை நாள்தோறும் அளந்தறிந்த மக்களைத் தகுதியற்றோராக்கிக் கடந்துவிடுகிறது. குசராத்து அரசு மீனவரைப் பணியில் அமர்த்தியது; சோழநாட்டுப் புலவர் அவர்தம் அறிவைக் காணவில்லை. சங்கப் பாடலைப் போற்றுவோரும் இதனை ஒளிக்காமல் கூறுதல் வேண்டும்.

மணலோடு நடந்த போர்

பிற்காலத்தில் ஐரோப்பியர் இக்கரைக்கு வந்தபோது அதே மணலை எதிர்கொண்டனர். ஒல்லாந்தர் 1613இல் பழவேற்காட்டில் கெல்திரியாக் கோட்டையைக் கட்டினர். ஏரிவாயின் திட்டைப் பெருங்கலம் கடக்க இயலாமையால் கப்பல்கள் வெளியே நின்றன. 1639இல் ஆங்கிலேயர் ஊன்றிய சென்னையில் கப்பல் நுழையத்தக்க வாயே இல்லை. திறந்த கடலில் நின்ற கப்பலுக்கும் கரைக்கும் இடையே மசூலா என்னும் படகுகள் ஓடின. ஆணி அறையாமல் தென்னங்கயிற்றால் தைத்த பலகைகளால் ஆனவை அவை. அலை மோதும்போது வளைந்து கொடுக்கும் தன்மை அத்தையலால் வந்தது. ஆணியடித்த ஐரோப்பியப் படகு அவ்விடத்தில் பிளந்துபோயிற்று. பேரலை நாட்களில் கட்டுமரக்காரரே கடிதங்களை ஓலைத் தொப்பிக்குள் வைத்துக் கப்பலுக்குக் கொண்டுசென்றனர். இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஆளுநர் முதல் படைவீரர் வரை அனைவரும் தம் உயிரைச் சென்னைப் படகோட்டிகளிடம் ஒப்படைத்தே கரையேறினர்.

1876இல் செயற்கைத் துறைமுகப் பணி தொடங்கியது. 1881ஆம் ஆண்டுப் புயல் அதனைச் சிதைத்தது. மீண்டும் கட்டப்பட்ட பின் கிழக்கு நோக்கிய வாயிலில் மணல் சேர்ந்தமையால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிசு இசுபிரிங்கு காலத்தில் அவ்வாயில் மூடப்பட்டு வடகிழக்கில் புதிய வாயில் அமைக்கப்பட்டது. கற்சுவர் தடுத்த மணல் தெற்கே மெரினாவாகப் பரந்தது; மணல் வரத்திழந்த வடக்கே இராயபுரம் கரை அரிக்கப்பட்டது. வாயின் இடரை ஓரிடத்தில் நீக்கினால் அது வேறோரிடத்தில் வேறு வடிவில் எழும் என்பதற்குச் சென்னையே பாடமாயிற்று.

கொச்சியின் வரலாறு இவற்றுள் மிகவும் வெற்றி பெற்றது. 1341ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்துக் கொச்சி வாயைத் திறந்தது என்பது பெருவழக்கான கருத்து. எனினும் அவ்வாயின் குறுக்கே இருந்த கடினமான திட்டு பெருங்கப்பல்களை நூற்றாண்டுக் கணக்கில் வெளியே நிறுத்திவைத்தது. 1920இல் வந்த பொறியாளர் இராபர்ட்டு பிரிசுட்டோ திட்டை வெட்டி வழி கண்டார். தோண்டிய மண்ணால் வெலிங்டன் தீவு எழுந்தது. 1928இல் ‘பத்மா’ என்னும் நீராவிக் கப்பல் உள்ளே நுழைந்தது. புகாரில் ஆறு செய்த வேலையைக் கொச்சியில் எந்திரம் செய்தது. தூர்வாருதலை நிறுத்தினால் மணல் மீண்டும் வந்துவிடும் என்பதே இரண்டிற்கும் உள்ள வேறுபாடு.

இன்றைய நிலை

பெருங்கப்பல்களுக்கு இடர் குறைந்துவிட்டது. சிறு படகுகளுக்குக் குறையவில்லை. குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரவருணி கடலைச் சேரும் இடத்தில் அமைந்த மீன்பிடித் துறைமுகத்தின் வாயிலிலும், திருவனந்தபுரம் மாவட்டத்து முதலப்பொழியிலும் பருவமழைக் காலங்களில் படகுகள் கவிழ்ந்து மீனவர் பலர் உயிரிழந்துள்ளனர். காப்பதற்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்களுக்கிடையே மணல் சேர்ந்து அலை உயர்வதை மீனவர் பலமுறை எடுத்துரைத்துள்ளனர். வாயின் போக்கை நாள்தோறும் காண்போர் அவர்களே. கட்டும் முன்னர் அவர்களிடம் கேட்பதும், கட்டிய பின்னர் அவர்கள் கூறுவதைச் செவிமடுப்பதும் நருமதைக் கரையின் அரசு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அறிந்திருந்த நெறியாகும்.

முடிவுரை

துறைமுக வரலாறு என்பது கப்பலின் வரலாறு மட்டுமன்று. கப்பலுக்கும் கரைக்கும் இடையே உள்ள சிறு தொலைவின் வரலாறும் ஆகும். அத்தொலைவை நிரப்பியவர் கழித்தோணி செலுத்தியோரும் நீகான்களும் மசூலாப் படகோட்டிகளும் கட்டுமரக்காரரும். நம் இலக்கியம் கலத்தைப் பாடிற்று, விளக்கைப் பாடிற்று, பொன்னையும் மிளகையும் பாடிற்று. வாயை அறிந்த மனிதனை ஓரிரு சொற்களில் மட்டுமே தொட்டது.

அவ்வறிவு முற்றிலும் அழிந்துவிடவில்லை. நீவாடு, சோழகம், கச்சான், கொண்டல், பார், பொழி என நீரோட்டத்திற்கும் காற்றுக்கும் கடலடிக்கும் வாய்க்கும் கரையோர மக்கள் வழங்கும் சொற்களில் அது இன்னும் வாழ்கிறது. இச்சொற்களுள் பல அகராதிகளில் முழுப்பொருளோடு இடம்பெறவில்லை. எந்திரப் படகும் செயற்கைக்கோள் கருவியும் பரவிய இந்நாளில் அவற்றை அறிந்த முதியோரும் குறைந்துவருகின்றனர். நெய்தலைப் பாடும் கவிஞர்கள் கரையில் நின்று அலையின் முகத்தைக் கண்டது போதும். அலையின் முதுகைக் கண்டவர்களிடம் சென்று, அவர்கள் வாயை எந்தச் சொற்களால் அறிகிறார்கள் என்று கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். புகாரின் ஆழத்தை ஒரு புலவர் எதிர்மறைச் சொற்கள் இரண்டில் காத்துத் தந்ததனால்தான் ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின் அதனை நாம் அறிய முடிகிறது.